ஹட்டனுக்குத் தொண்டாற்ற வந்தவர் லீவு நாளில் ஊர் பார்ப்பது எப்படி?

மூன்று மாதம், ஆறு மாதம் என்று பள்ளிக்கூடங்களில் தொண்டாற்ற வெளிநாட்டிலிருந்து இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கு வருகிறவர்கள் முதல் லீவிலேயே எல்ல என்ற சுற்றுலா ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். எல்லவுக்குப் பிறகும் போகலாம். முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஹட்டனுக்கே கொடுங்கள். "நோர்வூட்டுல இருந்து வர்றேன் டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பாதையும் தூரமும் உங்கள் கண்முன் வரவேண்டும்.

முதல் ஞாயிறு: நடை

காலை ஏழு மணிக்கு ரயில் நிலையத்தில் தொடங்கி, கடைத்தெரு வழியாக மாணிக்கப் பிள்ளையார் கோவில், பிறகு பஸ் நிலையம். பஸ் நிலையத்தில் அரைமணி நேரமாவது நில்லுங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா பஸ்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்து, டைம் கீப்பரிடம் ஒவ்வொன்றின் கடைசி பஸ் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்: தேயிலைத் தோட்டப் பக்கம் போகும் பஸ்கள் இருட்டுமுன்பே நின்றுவிடும். தவறவிட்டால் ஓட்டோதான்; ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஞாயிறு: ரயிலில் போய் பஸ்ஸில் திரும்புதல்

தலவாக்கலைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுங்கள். முன்பதிவு வேண்டாம், கவுண்டரிலேயே கிடைக்கும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம், அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளம். டீசல் புகை பெட்டிக்குள் வரும், ஜன்னலைச் சாத்திவிடுங்கள். திரும்பும்போது ஏ7 பாதையில் பஸ்: வழியில் முதலில் சென் கிளேயர் அருவி, பிறகு 97 மீற்றர் உயர டெவன் அருவி. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குத் தண்ணீர் திருப்பப்படுவதால் சென் கிளேயரில் பழைய பெருக்கு இல்லை. கடும் மழைக்காலத்தில் மண்சரிவால் ரயில் நிற்பதுண்டு. முதல் நாளே நிலையத்தில் விசாரியுங்கள்.

மூன்றாம் ஞாயிறு: மஸ்கெலியா

எங்களைக் கேட்டால், நான்கில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதற்கே போங்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோவிலும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்த தரைக்கு நடுவே கற்சுவர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. மழைக்காலத்தில் போனால் வெறும் தண்ணீர்தான் தெரியும், அதனால் போகுமுன் பள்ளிக்கூடத்தில் மஸ்கெலியாக்காரர் யாரிடமாவது "தண்ணி எறங்கிருச்சா?" என்று கேளுங்கள். காய்ந்ததுபோல் தெரியும் கரை உள்ளே சேறாக இருக்கும், கால் புதையும். ஊர்க்காரர் நடக்கும் தடத்தை விட்டு விலகாதீர்கள்.

நான்காம் ஞாயிறு: தோட்டம்

தெரிந்த குடும்பம் அழைத்தால் மட்டும் போங்கள். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள், ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலில் நின்று கேமராவைத் தூக்குவது சரியல்ல. கொழுந்து எடுப்பவர்களைப் படம் பிடிக்க ஆசைப்பட்டால் "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேலைக்கு நடுவே நிறுத்திவைக்காதீர்கள். பறிக்கும் கிலோ குறைந்தால் அவர்களுடைய சம்பளமும் குறையக்கூடும்.

மழை பெய்த மறுநாள் புல்லில் அட்டை இருக்கும். நீளமான காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, உறையின் மேல் காய்ந்த சவர்க்காரத்தை நன்றாகத் தேயுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள், நகத்தைத் தோலோடு ஒட்டி, அட்டையின் வாய்ப்பக்கம் நகர்த்தினால் பிடி விடும். இரத்தம் உறைவதை அட்டையின் எச்சில் தடுப்பதால் கொஞ்ச நேரம் ஒழுகும். பயப்படாமல் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

அதற்குப் பிறகு

சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே வெசாக் வரை. அந்த மாதங்களில் ஹட்டனிலிருந்து மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு நேரடி பஸ் உண்டு. போயா (பௌர்ணமி) நாளிலும் வார இறுதியிலும் படிகளில் நெரிசல், வார நாளே நல்லது. சூரிய உதயம் பார்க்க அதிகாலை இரண்டு மணிவாக்கில் ஏறத் தொடங்குங்கள். அதற்கு ரொம்ப முன்பே உச்சிக்குப் போனால், வியர்வையில் நனைந்த சட்டையோடு குளிரில் நடுங்க வேண்டியதுதான். பையில் காய்ந்த சட்டை ஒன்று வைத்துக்கொண்டு மேலே போனதும் மாற்றுங்கள். பருவம் இல்லாத மாதங்களில் பாதை இருட்டாகவும் வெறிச்சென்றும் இருக்கும், தனியாக ஏறாதீர்கள்.