மலை இறங்கும்போது ஷூ கயிற்றைக் கவனியுங்கள்

நீலகிரிப் புல்வெளிச் சரிவுகளில், நான் பார்த்தவரை, இறங்கும்போதுதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். பனி படிந்த புல் காய்ந்த மாதிரியே தெரியும், காலை வைத்தால் சோப்பு! குதிகாலை முன்னே நீட்டி பிரேக் போடாதீர்கள். முட்டியை லேசாக மடக்கி, பாதம் முழுவதும் பதிய, குட்டிக் குட்டி அடியாக இறங்குங்கள். உச்சியிலேயே உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் விரல் முன்னே போய் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். எனக்குக் கட்டைவிரல் நகம் உதிர்ந்தே போனது, முளைக்க மாதக்கணக்கானது.

மதியத்துக்கு முன்பே இறங்கத் தொடங்குங்கள். மூடுபனி சூழ்ந்தால் பத்தடியில் பாதை தெரியாது. அப்புறம், அவலாஞ்சி–கோலாரிபெட்டா போன்ற பாதைகளுக்கு வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.