பானெட்டில் ஜல்லி தெறித்த பொட்டுகள்: கையாலேயே சரிசெய்யும் முறை

செங்கல்பட்டைத் தாண்டி ஒரு ஜல்லி லாரியின் பின்னால் பத்து நிமிடம் போனேன். என் சிவப்புக் காரின் பானெட்டில் ஏழு இடங்களில் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. ஒன்றில் இரும்பே தெரிந்தது. பானெட் முழுவதற்கும் பெயிண்ட் அடித்தாக வேண்டும் என்றார்கள் பட்டறையில். மிளகைவிடச் சிறிய பொட்டுகளுக்கு அது அநியாயமாகப் பட்டதால் நானே உட்கார்ந்தேன்.

1. ஓட்டுநர் கதவின் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ பெயிண்ட் குறியீடு இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பெயிண்ட்டும் (சிறு பொட்டுகளை நிரப்பும் புட்டி பெயிண்ட்), கிளியர் கோட்டும் (நிறத்துக்கு மேல் பூசும் நிறமற்ற பூச்சு) வாங்குங்கள். "சிவப்பு" என்று கேட்டால் ஏதோ ஒரு சிவப்புதான் கிடைக்கும்.

2. காரைக் கழுவி, நிழலில் நிறுத்தி, பொட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். துரு இருந்தால் ஊசி முனையால் சுரண்டி எடுங்கள். இரும்பு தெரிந்தால் மட்டும் ஒரு துளி பிரைமர், அதாவது அடிப்பூச்சு.

3. பெயிண்ட் மூடியோடு வரும் பிரஷ்ஷைத் தூக்கி எறியுங்கள். இந்த வேலைக்கு அது துடைப்பம். பல்குத்தும் குச்சியின் முனையில் சிறு துளி எடுத்துப் பொட்டின் நடுவில் தொட்டால், அதுவே பரவிக்கொள்ளும்.

நான் சறுக்கியது இங்கேதான். ஒரே தடவையில் குழியை நிரப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று காபி குடிக்கப் போய்விட்டேன். மூன்று நாளில் மறுபடி குழி! பெயிண்ட்டிலுள்ள தின்னர் ஆவியாக ஆவியாக, மேலே காய்ந்த ஏடு உள்ளே இறங்கிவிடுகிறது. எனவே மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை வையுங்கள். நான் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்தேன். பிறகு கிளியர் கோட்டையும் அப்படியே வைத்து, சுற்றுப்புறத்தைவிடச் சற்றே மேடாக விடுங்கள். அதன்பின் ஒரு வாரம் தொடாதீர்கள்.

4. தேய்ப்பு. கம்பெனி கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அது தேய்ந்துவிடாமல் இருக்க, பொட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 2000 எண் வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பென்சில் ரப்பர் அளவுக்கு வெட்டி, அந்த ரப்பரிலேயே ஒட்டி, சோப்புத் தண்ணீர் தொட்டு மேட்டை மட்டும் தேயுங்கள். ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை துடைத்துப் பாருங்கள். டேப் தேயத் தொடங்கியதும் அதை எடுத்துவிட்டு, இன்னும் நைசான 3000 எண்ணுக்கு மாறுங்கள். விரலால் அழுத்தித் தேய்க்கவே கூடாது. அப்படித் தேய்த்த என் இரண்டாவது பொட்டைச் சுற்றி இன்றும் ஒரு மங்கல் வளையம் இருக்கிறது. வழியும் நீர் வெள்ளையாக இருக்கும்வரை தேய்வது கிளியர் கோட்தான், பயமில்லை. என் காரில் போல் சிவந்தால், அதாவது காரின் நிறம் வரத் தொடங்கினால், உடனே நிறுத்துங்கள்.

5. மைக்ரோஃபைபர் துணியில் காம்பவுண்ட் (தேய்ப்புக் கீறலைப் போக்கும் பசை), பிறகு பாலிஷ், கடைசியில் வேக்ஸ். பற்பசையே போதும் என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

பின்சேர்க்கை: பம்பர் பிளாஸ்டிக் என்பதால் துருப் பயமில்லை. ஆனால் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் பிளாஸ்டிக் பிரைமர் தேவை. வெள்ளி போன்ற மெட்டாலிக் நிறங்களில் பொட்டு முழுவதும் மறையாது. புட்டியை நன்றாகக் குலுக்கினால் ஓரளவு ஒத்துப்போகும்.

மீண்டும் ஒன்று: பெயிண்ட் வைத்த பிறகு, சுத்தமாக இருக்கட்டும் என்று மறுபடி ஆல்கஹாலால் துடைத்ததாகவும், பெயிண்ட் துணியோடு வந்துவிட்டதாகவும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆல்கஹால் 2-ஆம் படியோடு சரி. அவர் மறுபடி முதல் துளியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.