தெளிப்பானில் தண்ணீர் வேகம் குறைந்தால் உடனே மோட்டாரை மாற்றாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தில் பெரிய வீடுகளின் முன்புறம் புல்தரை போட்டு, தானாக எழும்பித் தண்ணீர் தெளிக்கும் தெளிப்பான்களை, அதாவது ஸ்பிரிங்ளர்களை, பதிப்பவர்கள் பலர். விருந்தினர் விடுதிகளாக மாறிய வீடுகளில் அதைக் கட்டாயமாகவே பார்க்கலாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் தண்ணீர் பாதி தூரம்கூட எட்டாமல் விழத் தொடங்கும். உடனே வரும் ஆலோசனை, "மோட்டார் பத்தவில்லை, இன்னும் பெரிதாகப் போட்டுவிடலாம்" என்பதுதான். வீட்டுக்காரருக்கு அதிகச் செலவு வைக்கும் தவறு இதுவே. பெரும்பாலான வீடுகளில் கோளாறு மோட்டாரில் இருப்பதில்லை. எங்கே இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் கையில் ஸ்பானரை எடுக்கவே கூடாது.

முதலில் கண்ணால் பாருங்கள். ஒரே ஒரு தெளிப்பான் மட்டும் சோர்ந்து அடித்தால், கோளாறு அதன் தண்ணீர் வெளிவரும் துளைமுனையான நாசிலிலோ உள்ளே இருக்கும் சின்ன வலையிலோதான். ஒரு பகுதி முழுவதும் சோர்ந்து, மற்றப் பகுதிகள் நன்றாக இருந்தால், அந்தப் பகுதியின் வால்வையோ குழாயையோ சந்தேகிக்க வேண்டும். ஒரு வரிசையில் முதல் இரண்டு நன்றாக அடித்து, மூன்றாவதிலிருந்து சோர்ந்தால், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே குழாய் உடைந்திருக்கவோ நசுங்கியிருக்கவோ வாய்ப்பு அதிகம். எல்லாப் பகுதியும் ஒன்றுபோலச் சோர்ந்தால் மட்டுமே மோட்டார், ஃபில்டர், பிரதான வால்வு என்று தொடக்கத்துக்குப் போக வேண்டும். பத்து நிமிடத்தில் முடியும் இந்தப் பார்வையைத் தவிர்த்துவிட்டுத்தான் தரையைத் தோண்டுகிறார்கள்.

நம் பகுதியில் அதிகம் காணும் தவறு, தெளிப்பான் குழாயை மொட்டைமாடித் தொட்டியோடு இணைப்பது. செட்டிநாட்டு வீடுகள் உயரமானவை, அதனால் அழுத்தம் தாராளமாகக் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). தொட்டியின் அடிப்பகுதி புல்தரையிலிருந்து 30 அடி உயரத்தில் இருந்தாலும் கிடைப்பது 0.9 பார்தான். அதுவும் தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது. விசிறியாகத் தெளிக்கும் சிறு தெளிப்பானுக்கு 2 பார் வேண்டும். சுழன்று தூரமாக வீசும் வகைக்கு ஏறத்தாழ 3 பார் தேவை. தொட்டி இணைப்பில் நாசிலை மாற்றினாலும் குழாயை மாற்றினாலும் பலன் இராது. குழாய் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், இல்லாத அழுத்தத்தை உண்டாக்காது. தரைத்தொட்டியிலிருந்து தனி மோட்டார் வைத்து நேராகத் தெளிப்பானுக்குக் கொடுப்பதே சரியான வழி. தொட்டித் தண்ணீர்தான் என்றால் சொட்டுக் குழாயோ கை ஹோஸோ போதும். அதில் குறை ஒன்றும் இல்லை.

அடுத்தது எண்ணிக்கை. 15 அடி தூரம் முழு வட்டமாகத் தெளிக்கும் ஒரு தெளிப்பான் 2 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் குடிக்கும். அரை வட்டம் என்றால் 7 லிட்டர், கால் வட்டம் என்றால் மூன்றரை. ஒரு 20 லிட்டர் வாளியை வைத்து மோட்டாரிலிருந்து வரும் தண்ணீரைப் பிடியுங்கள். 30 விநாடியில் நிறைந்தால் உங்களிடம் இருப்பது நிமிடத்துக்கு 40 லிட்டர். அதில் முழு வட்டத் தெளிப்பான் மூன்றுகூட ஒரே நேரத்தில் ஓடாது. உண்மையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும், ஏனென்றால் வாளியில் திறந்துவிடும்போது மோட்டார் எந்த அழுத்தத்தையும் எதிர்த்துத் தள்ளவில்லை. புல்தரையை விரிவாக்கும்போது பழைய வரிசையிலேயே மேலும் நான்கைச் சொருகிவிட்டு, "முன்பு நன்றாகத்தானே அடித்தது" என்று வருந்துபவர்கள் அநேகர். தெளிப்பான்களை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, வால்வு வைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட விட்டாலே பாதி வீடுகளில் குறை தீர்ந்துவிடும். புது மோட்டார் விலையில் சிறு பங்குதான் செலவு.

இனி அழுத்தமானி. பிரஷர் கேஜ் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மோட்டாரின் வெளியேறும் குழாயில் ஒன்றும், கடைசித் தெளிப்பான் இருக்கும் இடத்தில் ஒன்றும் பொருத்திப் பாருங்கள். எல்லோரும் செய்யும் பிழை, தெளிப்பான்களுக்குப் போகும் வால்வை மூடி வைத்து அளந்துவிட்டு "3 பார் காட்டுகிறது, அழுத்தம் சரி" என்று முடிவுகட்டுவது. நிற்கும் தண்ணீருக்கு உராய்வு கிடையாது, ஆகவே எந்த அடைப்பும் அதில் தெரியாது. தண்ணீர் ஓடும்போது அளந்ததுதான் அளவு. ஓடும்போது மோட்டாரருகே 3 பாரும் கடைசியில் 1 பாரும் காட்டினால் இழப்பு வழியில் இருக்கிறது. மோட்டாரருகிலேயே குறைந்து, வால்வை மூடியதும் ஏறினால் தண்ணீர் தேவைக்கு மேல் வெளியேறுகிறது. தெளிப்பான்கள் அதிகம், அல்லது எங்கோ உடைப்பு என்று பொருள். மூடியபோதும் ஏறவில்லை என்றால் மட்டுமே மோட்டார் குற்றவாளி. மூடிவைத்து அளப்பதைச் சில விநாடிகளுக்கு மேல் நீட்டக் கூடாது. போர்வெல் நீர்மூழ்கி மோட்டாரில் இதைச் செய்யவே வேண்டாம், அதன் முழு அழுத்தத்தில் பிவிசி குழாய் வெடித்துவிடலாம்.

வழியில் இழப்பு என்றால் முதலில் ஃபில்டர். போர்வெல் தண்ணீரோடு வரும் மண் அதில் சேரும். அடிக்கடி அடைக்கிறதே என்று ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாரம் தண்ணீர் பிய்த்துக்கொண்டு அடிக்கும். அதன்பின் மண் வால்வின் ரப்பரிலும் ஒவ்வொரு நாசிலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஃபில்டரைக் கழுவும் வேலை அப்போது ஒவ்வொரு தெளிப்பானுக்கும் வந்துவிடும். நாசிலில் உப்பு படிந்திருந்தால் குண்டூசியால் குத்தாதீர்கள். துளை சிதைந்தால் நீர்விசிறி என்றைக்கும் நேராகாது. கழற்றி, வெள்ளை வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். கழிப்பறை ஆசிட்டைப் பயன்படுத்தவே கூடாது, ரப்பரும் ஸ்பிரிங்கும் கெட்டுவிடும்.

பழைய வீடுகளில் பித்தளை கேட் வால்வுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் தண்டு உள்ளே முறிந்திருந்தால், மேலே சக்கரம் சுழலும், அடியில் கதவு பாதி இறங்கியபடியே நிற்கும். திறந்துதானே இருக்கிறது என்று நம்பி ஏமாறுவது எளிது. சந்தேகம் இருந்தால், கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் திறக்கும் பால் வால்வாக (ball valve) மாற்றிவிடுங்கள்.

கசிவு விஷயத்தில் நம் மண்ணே கண்ணை மறைக்கும். சரளை கலந்த செம்மண் தண்ணீரை அங்கேயே உறிஞ்சி இறக்கிவிடும். மேலே சேறு தெரியவில்லை என்பதால் உடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. சுற்றிலும் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாக வளர்ந்திருந்தால் அங்கே தோண்டுங்கள். மரம் நட்ட இடங்களையும், லாரியோ காரோ ஏறும் வாசல் ஓரத்தையும் முதலில் பாருங்கள்.

குழாய் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதே அளவு தண்ணீரை ஒரு அங்குலக் குழாய்க்குப் பதிலாக முக்கால் அங்குலத்தில் அனுப்பினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 4 மடங்காகும். பாதி அளவுக் குழாயில் 25 மடங்குக்கும் மேல். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பிரதானக் குழாய் அல்ல.

மோட்டார்தான் காரணம் என்று உறுதியானாலும் அதை மாற்றுமுன் மூன்றைப் பாருங்கள். உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு ஒழுகுகிறதா, உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று புகுகிறதா, ஓடும்போது மின்னழுத்தம் எவ்வளவு. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் மோட்டார் திணறும். விடியற்காலையில் ஓட்டினால் மின்னழுத்தமும் நன்றாக இருக்கும், காற்றும் வெயிலும் தண்ணீரைத் தின்னாது. எல்லாம் பார்த்தபின் மாற்றத்தான் வேண்டும் என்றால் எச்.பி.யை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். விசிறித் தெளிப்பானுக்கு வேண்டிய 2 பார் என்பது 20 மீட்டர் உயரம். அதோடு தொட்டியின் ஆழத்தையும் குழாய் இழப்பையும் சேர்த்து, சுமார் 30 மீட்டர் உயரத்தில் எத்தனை லிட்டர் தரும் என்று கடைக்காரரிடம் மோட்டார் தகட்டையும் அட்டவணையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மாநகராட்சிக் குடிநீர்க் குழாயில் நேராக மோட்டார் வைப்பது விதிமீறல். அக்கம்பக்கத்து வீடுகளின் தண்ணீரையும் அது பறித்துவிடும். போர்வெல்லின் ஊற்றைவிடப் பெரிய மோட்டார் கோடையில் மணலைத்தான் அள்ளும்.

கடைசியாக, பூட்டியே கிடக்கும் வீடுகள். குடும்பம் வெளியூரில் இருக்க, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகளில் தெளிப்பான்கள் மாதக்கணக்கில் ஓடுவதில்லை. உள்ளே உப்பு இறுகி, எழும்பும் தண்டு பாதியில் சிக்கிக்கொள்ளும், ரப்பர் வளையம் காய்ந்து அடியிலேயே தண்ணீர் ஒழுகும். விருந்தினர் வரும் நாளில் சுவிட்சைப் போட்டுவிட்டு அழுத்தம் இல்லை என்று பதறாமல், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். நீண்ட இடைவெளிக்குப்பின் தொடங்கும்போது ஒவ்வொரு வரிசையிலும் கடைசித் தெளிப்பானின் நாசிலைக் கழற்றிவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டபின் மாட்டச் சொல்லுங்கள்.