ரீப்பரை ஏஐ கையில் கொடுப்பதற்கு முன்: டூல் விளக்கம் எழுதும் முறை

தடைக்காலத்தில் மாமாவின் விசைப்படகு பாம்பனில் கட்டிக் கிடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆளைப் பிடித்து உட்கார வைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. சின்ன வயதில் கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகளைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தேன். மொத்தம் பதினோரு ட்ராக். பெயர் வைப்பது, ஒலியளவைச் சரிசெய்வது மாதிரியான சலிப்பு வேலைகளை ஏஐ ஏஜெண்டிடம் தள்ளிவிடலாம் என்று, ஒலிப்பதிவுக்கும் எடிட்டிங்குக்குமான ரீப்பர் மென்பொருளுக்கு ஓர் எம்சிபி சர்வர் எழுதினேன். ஏஜெண்ட் வெளி மென்பொருளை இயக்க உதவும் பாலம்தான் எம்சிபி. அதன் வழியாக ஏஜெண்ட் கூப்பிடக்கூடிய ஒவ்வொரு வேலையும் ஒரு டூல். சர்வர் ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. அதன் டூல்களுக்கு விளக்கம் எழுதத்தான் ஒரு வாரம் பிடித்தது.

பைத்தான், ரீப்பர், பைத்தானிலிருந்து ரீப்பரை இயக்கும் ரீபை லைப்ரரி மூன்றும் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஏன் ரீப்பர்? 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், வீட்டு உபயோகத்துக்கு உரிமம் 60 டாலர், எதையும் ஸ்கிரிப்ட் வழியாகத் தொடலாம். கிராக் செய்த மென்பொருளோடு ஏஜெண்டை இணைத்துவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்காதீர்கள்.

படி 1: ஐந்து டூலோடு நிறுத்துங்கள்

ட்ராக் பட்டியல், பெயர் மாற்றம், ஒலியளவு, மியூட், அழித்தல். ரீப்பரில் நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்கள் உண்டு. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் எதை எடுப்பது என்று ஏஜெண்ட் தடுமாறும்.

படி 2: அலகை எழுதுங்கள்

நான் விழுந்த இடம் இது. ஏஜெண்டுக்கு நீங்கள் எழுதிய கோடும் (நிரல்) தெரியாது, ரீப்பரின் திரையும் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு என்ற பட்டியல், இவ்வளவுதான் அதற்குப் போகிறது. பைத்தானில் ஃபங்ஷனுக்குக் கீழே நாம் கடமைக்கு எழுதிவைக்கும் டாக்ஸ்ட்ரிங்தான் அந்த விளக்கம்.

நான் எழுதியிருந்தது: "ட்ராக்கின் வால்யூமை மாற்றும்." உறுமியை 4 டெசிபல் கூட்டச் சொன்னேன். ஏஜெண்ட் 4 என்று அனுப்பியது. ரீப்பர் உள்ளே வைத்திருப்பது டெசிபல் இல்லை, பெருக்கல் எண். 1 என்றால் 0 டெசிபல், 2 என்றால் ஏறக்குறைய 6, 4 என்றால் 12. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். பக்கத்தில் இருந்த மாமா, "என்னடா, கரண்டு அடிச்சிருச்சா?" என்றார்.

இப்போது இருக்கும் விளக்கம்:

"ட்ராக்கின் ஒலியளவைக் கொடுத்த அளவில் வைக்கும். அளவு டெசிபலில், −60 முதல் +6 வரை மட்டும். இருக்கும் அளவோடு கூட்டாது. கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் முதலில் ட்ராக் பட்டியலை எடுத்து இப்போதைய அளவைப் பார்."

கடைசி இரண்டு வரி முக்கியம். −3-ல் இருக்கும் ட்ராக்கை 4 கூட்டினால் +1 வர வேண்டும், +4 அல்ல. டெசிபலைப் பெருக்கல் எண்ணாக மாற்றும் கணக்கை (20-ஆல் வகுத்து, 10-இன் அடுக்காக்குவது) கோடுக்குள் வையுங்கள். ஏஜெண்டிடம் விடாதீர்கள்.

படி 3: எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது?

திரையில் முதல் ட்ராக் 1. ஸ்கிரிப்டுக்கு அதுவே 0. இதை எழுதாததால், மூன்றாவதை அழிக்கச் சொன்னபோது நான்காவது போனது. நான்காவதில் மாமா குரல். "திரையில் தெரியும் எண்ணையே கொடு" என்று விளக்கத்தில் எழுதி, கோடில் ஒன்றைக் கழித்துவிட்டேன். அழிக்கும் டூல் இப்போது எண்ணோடு பெயரையும் கேட்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் எதையும் தொடாது. ஒரு கட்டளையில் நடக்கும் மாற்றங்களை ஒரே அன்டூவாகக் கட்டிவிடுங்கள். அன்று கன்ட்ரோல் இசட்தான் காப்பாற்றியது.

படி 4: பிரிண்ட் போடாதீர்கள்

எம்சிபி சர்வரை ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியாக ஓட்டினால் அந்த அவுட்புட்டில் நெறிமுறைச் செய்தி மட்டுமே போக வேண்டும். சோதனைக்கு நீங்கள் போடும் ஒரு பிரிண்ட் வரி நடுவில் புகுந்து பேச்சைக் கெடுத்துவிடும். லாகை (சர்வர் என்ன செய்தது என்ற குறிப்புகளை) ஸ்டாண்டர்ட் எரருக்கோ ஃபைலுக்கோ அனுப்புங்கள்.

படி 5: புது உரையாடலில் சோதியுங்கள்

பழைய உரையாடலில் நீங்கள் திட்டியது அதற்கு நினைவிருக்கும், அதனால் விளக்கம் சரியா என்று உங்களுக்குத் தெரியாது. புதிதாகத் திறந்து, "உறுமியை 4 டெசிபல் கூட்ட எந்த டூலுக்கு என்ன அனுப்புவாய்? செய்யாதே, சொல் மட்டும்" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் உங்கள் வாக்கியத்தில்தான் ஓட்டை.

சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டு தொண்டியிலிருந்து ஒரு தம்பி, லாகை ஃபைலில் எழுதினால் தமிழ் ட்ராக் பெயர் வந்ததும் எரர் அடிக்கிறது என்றார். விண்டோஸ் கோளாறு. ஃபைலைத் திறக்கும்போதே யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள்.

சேர்க்கை 2: ரீப்பருக்குப் பதிலாக ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளை வைத்திருப்பவர்கள் என் விளக்கத்தையும் கணக்கையும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அங்கே ஒலியளவு 0 முதல் 1 வரை, 0 டெசிபல் இருப்பது 0.85-ல்.