இலையும் மொட்டும் சுவரேறும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலை, மொட்டு, வெடித்த விதைக்கூடு என்று செடி உருவங்களைச் சுடுமண்ணில் செய்து சுவரில் மாட்டத் தொடங்குகிறவர்களின் வேலையை அடிக்கடி பார்க்கிறேன். நான் எங்கெல்லாம் சறுக்கினேனோ, அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். காயாத மண்ணைச் சூளையில் வைப்பது போன்றவற்றை முதல் மாதமே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாட்டுவதைக் கடைசியில் யோசிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. மாதக்கணக்கில் முன்பக்கத்தை இழைப்பார்கள். சுட்டு எடுத்த பிறகு, "இதை எப்படி மாட்டுவது?" என்று கேட்பார்கள். அப்போது பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது.

நானும் ஒரு விதைக்கூடு செய்தேன். உயரம் 50 செ.மீ., எடை 12 கிலோ. முதுகு உருண்டையாக இருந்ததால், கொக்கிக்குக் கீழே 10 செ.மீ. தள்ளி ஒரே இடத்தில்தான் சுவரைத் தொட்டது. 12 கிலோ தாங்கும் திருகுதானே என்று நம்பி மாட்டினேன். மூன்றாம் நாள் காலை அது தரையில் பத்துப் பதினைந்து துண்டுகளாகக் கிடந்தது. திருகு வளையவில்லை, முறியவில்லை. சுவர்த் துளைக்குள் செருகியிருந்த பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்து முழுசாக வெளியே வந்திருந்தது, அதன் பள்ளங்களில் சுவர்த்தூள் ஒட்டியிருந்தது.

சுவரைவிட்டுப் புடைத்து நிற்கும் எதுவும் கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை, மேல் திருகை வெளிப்பக்கமும் இழுக்கிறது. என் கூட்டின் எடை மையம் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தது. 12-ஐ 15-ஆல் பெருக்கி, கொக்கிக்கும் தொடும் இடத்துக்கும் உள்ள 10-ஆல் வகுத்தால் 18. அதாவது 18 கிலோ விசை திருகைப் பிடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அடியில் ஒரு தட்டையான பாதம் வைத்து, கொக்கியை அதற்கு 45 செ.மீ. மேலே ஏற்றியிருந்தால் 4 கிலோதான். ஒரு கைப்பிடி மண் அந்தக் கூட்டைக் காப்பாற்றியிருக்கும்.

அதனால் இப்போது முதலில் வரைவது பின்பக்கத்தைத்தான். செடியும் அப்படித்தான் செய்கிறது: கிளை தண்டைச் சேரும் இடத்தில் எவ்வளவு தடித்திருக்கிறது பாருங்கள்.

அப்புறம், மண் சுருங்கும். 12 சதவீதம் சுருங்கும் மண்ணில் 30 செ.மீ. இடைவெளியில் போட்ட துளைகள் சுட்ட பின் 26.4-க்கு வந்துவிடும். சுவரில் துளையிடும் முன் சுட்டதை அளந்துகொள்ளுங்கள்.

நிஜ இலையை அழுத்தி அச்சு எடுப்பது

நரம்புகள் அழகாக விழும், சரி. ஆனால் கிடைப்பது இலையின் தோல் மட்டுமே. நடுநரம்பு காம்பருகே தடித்து நுனியில் கரைவதும், விளிம்பு மடிந்து விறைப்பதும் கையால் செய்தால்தான் வரும். பெர்லினில் செடிகளைப் பார்த்து உருவமைக்கக் கற்றுக்கொடுத்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட், மொட்டையும் சுருள்கொடியையும் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்துத்தான் மாணவர்களுக்குக் காட்டினார். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

அடுக்கைக் கண்மதிப்பில் போடுவது

சூரியகாந்தியில் ஒரு விதைக்கும் அதற்கு அடுத்து உருவாகும் விதைக்கும் இடையே, பூவின் நடுவைச் சுற்றி, சுமார் 137.5 பாகை திருப்பம். கோணமானி எடுங்கள்.

பச்சை பூசுவது

வேண்டாம். நிழலே போதும்.

மேசையில் படுத்த நிலையிலேயே முடிப்பது

சுவரில் ஏறியதும் வெளிச்சம் விழும் திசை மாறிவிடும். மண் ஓரளவு இறுகியதும் பலகையோடு சாய்த்து நிறுத்தி, அறையை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். போன வாரம் அப்படிப் பார்த்தபோது இரண்டு இதழ்கள் ஒன்றாக ஒட்டியது போலத் தெரிந்தன. ஒன்றின் ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் தூக்கினேன். நடுவே மெல்லிய கறுப்புக் கோடு விழுந்து, இரண்டும் தனித்தனியாக நின்றன.