கார் விபத்தில் பாதமும் கணுக்காலும் அடிபட்டால் செய்ய வேண்டியவை

கார் மோதும் கணத்தில் ஓட்டுபவரின் வலது கால் பெரும்பாலும் பிரேக்கை முழு பலத்துடன் அழுத்திக்கொண்டிருக்கும். முன்பகுதி நசுங்கி, கால் வைக்கும் தளம் உள்நோக்கித் தள்ளப்படும்போது, அந்த விசை பாதத்தின் வழியே மேலேறுகிறது. சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் தலையையும் மார்பையும் காக்கும் அளவுக்குப் பாதத்தைக் காப்பதில்லை. பெரிய காயங்களைக் கவனிக்கும் பரபரப்பில் பாதம் கடைசியாகவே பார்க்கப்படுகிறது என்பதுதான் என் கவலை.

கால் சிக்கியிருந்தால் இழுக்காமல் மீட்புக் குழுவுக்காகக் காத்திருங்கள். வீக்கம் ஏறுவதற்குள் காலணியின் நாடாவைத் தளர்த்துங்கள். கால் விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் சுமார் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, விரல்கள் சில்லிட்டு மரத்திருந்தாலோ அதை மருத்துவக் குழுவிடம் உடனே சொல்லுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல் சுத்தமான துணியால் மூடுங்கள். கோணலாகிப்போன மூட்டினை நேராக்க முயலாதீர்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் மருத்துவர் பார்க்கும்வரை எதுவும் உண்ண வேண்டாம்.

எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுக்கப்பட்ட விதிகள் பல நாடுகளில் பயன்படுகின்றன: கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பைத் தொட்டால் வலிப்பது, நான்கு எட்டு எடுத்து வைக்க இயலாமை போன்றவை அவற்றின் அளவுகோல்கள். ஆனால் உடலில் வேறு கடுமையான காயங்கள் இருந்தால் அந்த வலி கால் வலியை மறைத்துவிடும்; அப்போது இவ்விதிகளை நம்பியிருக்கலாகாது.

மிக எளிதில் தவறவிடப்படுவது, நடுப்பாதத்து எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் அறுபடும் லிஸ்ஃப்ராங்க் காயம். படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகள் விலகாமல் தெரியக்கூடும் என்பதால், சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிடுவதுண்டு. உள்ளங்காலின் நடுவில் கன்றிய நீலத் திட்டு தென்பட்டாலோ, நாட்கள் கழிந்தும் முன்பாதத்தில் எடை வைக்க முடியாவிட்டாலோ, தயங்காமல் திரும்பிச் சென்று, நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள்.

குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தால் முதுகெலும்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் அதே விசை அங்கும் முறிவை உண்டாக்கக்கூடும். மாத்திரைக்கு அடங்காமல் வலி கூடிக்கொண்டே போய், விரலை அசைத்தாலே துடிக்கவைத்தால், தசைகளைச் சுற்றியுள்ள இறுக்கமான உறைகளுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதற்குச் சில மணி நேரத்துக்குள் சிகிச்சை தேவை.

கணுக்காலுக்குள் இருக்கும் டாலஸ் எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தவர்கள், வலி குறைந்தாலும் மறுபரிசோதனைகளை விட்டுவிடக் கூடாது: அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால், முறிந்த எலும்பு ஒன்றுசேர்ந்த பின்னரும் அதன் ஒரு பகுதி செத்துப்போக வாய்ப்புண்டு, அது எக்ஸ்ரேயில் தெரியச் சில மாதங்கள் ஆகும்.