26 யூனிட்டுக்கு 424 ரூபாயா? வீட்டு மின் கட்டணத்தை நாமே சரிபார்க்கும் முறை

2025 ஆகஸ்ட் 14 அன்று, பாபநாசத்தை அடுத்த எங்கள் வீட்டுக்கு 2,141 ரூபாய் மின் கட்டணம் என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஜூனில் கட்டியது 1,717 ரூபாய். "ஏசிகூட இல்லாத வீட்டுக்கு இவ்வளவு எப்படி வரும்? மீட்டர் ஓடுகிறதா, பறக்கிறதா?" என்று அம்மா கேட்டார்கள். எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு இரவுகள் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் பட்டியலில் தவறு எதுவும் இல்லை என்பதும், கட்டணம் ஏறியதற்கான காரணம் நான் பார்த்தே இராத ஓர் இடத்தில் இருந்தது என்பதும் தெரிந்தன. அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். இணையத்தில் பணம் கட்டும் முறையை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் மீட்டர் பெட்டி அருகே செருகி வைத்திருக்கும் வெள்ளை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியில் தொகையும் கடைசி நாளும்தான் கண்ணில் படும். அட்டையிலோ கணக்கெடுத்த தேதி, மீட்டர் அளவு, யூனிட், தொகை ஆகிய நான்கும் வரிசையாக இருக்கும். பழைய பதிவுகளும் அதற்கு மேலேயே இருக்கும். அட்டையில் எழுதி வாங்காமல் விட்டிருந்தால், மின்வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பழைய விவரங்களைப் பார்க்கலாம். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மண்டலத்தைக் குறிக்கும்; அந்த இரண்டு இலக்கங்களை விட்டுவிட்டால் இணையதளம் எண்ணை ஏற்காது. கட்டண வகை 1ஏ என்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நான் கீழே சொல்வதெல்லாம் அந்த வீட்டு இணைப்புக்கு மட்டுமே பொருந்தும்.

அடுத்தது கழித்தல். எங்கள் அட்டையில் ஜூன் 12 அன்று 18,204 என்றும் ஆகஸ்ட் 14 அன்று 18,716 என்றும் இருந்தன. வித்தியாசம் 512 யூனிட். அதற்கு முந்தைய பதிவு 17,718, ஆகவே ஜூனில் கணக்கிட்டது 486 யூனிட். கூடியது 26 யூனிட், கூடிய தொகையோ 424 ரூபாய். அப்படியானால் ஒரு யூனிட் பதினாறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு அப்படி ஒரு விலையே கிடையாது. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால், இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

2024 ஜூலை 1 முதல் வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்து, எங்கள் 2025 ஆகஸ்ட் பட்டியலுக்கும் பொருந்திய விலை இது. 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது, வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால் நாம் கட்டும் விலை மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்; 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, 500-ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் அடுத்த விலையான 8.40 ரூபாயைப் போட்டால் போதும் என்று நான் நினைத்தேன். அங்கேதான் கணக்கு உதைத்தது.

மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கட்டணப் பட்டியலே வேறு. முதல் 100 யூனிட் அப்போதும் இலவசம்தான், ஆனால் 2.35 ரூபாய் என்ற படி அடியோடு மறைந்து, 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4.70 ரூபாய் ஆகிவிடுகிறது. அதன் பிறகு 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. அதாவது 501-ஆவது யூனிட் தனக்கு மட்டும் விலை கேட்பதில்லை. நீங்கள் எப்போதோ செலவழித்த இரண்டாவது நூறு யூனிட்டின் விலையையும் இரட்டிப்பாக்கிவிடுகிறது. அந்த நூறு யூனிட்டுக்குக் கூடுதலாக ஆவது 235 ரூபாய்.

இப்போது எங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 486 யூனிட்டுக்கு 235, 940, 541.80 ஆகியவற்றைக் கூட்டினால் 1,716.80, பட்டியலில் 1,717. 512 யூனிட்டுக்கு 1,410, 630, 100.80 ஆகியவற்றைக் கூட்டினால் 2,140.80, பட்டியலில் 2,141. கூடிய 424 ரூபாயில், உண்மையில் கூடுதலாக எரித்த 26 யூனிட்டின் விலை 189 ரூபாய் மட்டுமே. மீதி 235 ரூபாய் எல்லையைத் தாண்டியதற்கான விலை. மிகச் சரியாக 500 யூனிட்டில் நின்றிருந்தால் 1,805 ரூபாய். 501 என்றால் 2,048.40. ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்க்கு மேல் என்பதை எழுதிப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு நம்பிக்கை வந்தது.

இந்தக் கணக்குக்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும். இணையத்தில் கிடைக்கும் கட்டணக் கணிப்பான்கள் பலவற்றில் இன்னமும் 2022 செப்டம்பர் விலையான 2.25, 4.50 என்பதே இருக்கிறது. அவற்றை நம்பினால் மின்வாரியம் கூடுதலாக வாங்கிவிட்டது என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். கணிப்பான்தான் வேண்டும் என்றால் மின்வாரியத்தின் சொந்த இணையதளத்தில் உள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்த படியைப் பலரும் செய்வதில்லை, நானும் செய்ததில்லை. யூனிட்டை நாட்களால் வகுக்க வேண்டும். ஜூன் கணக்கு 60 நாட்களுக்கானது; ஒரு நாளைக்கு 8.1 யூனிட். ஆகஸ்ட் கணக்கை வகுத்தபோது, அட்டையில் இருந்த தேதிகளைக் கூட்டிப் பார்த்தால் 63 நாட்கள். ஒரு நாளைக்கு 8.13 யூனிட். எங்கள் வீட்டுச் செலவு கிட்டத்தட்ட மாறவே இல்லை! ஆகஸ்ட் 11 அன்று கணக்கெடுக்க வந்தபோது நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வைத்தீஸ்வரன்கோயில் போயிருந்தோம். மீட்டர் உள்திண்ணையில் இருக்கிறது. மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி வர முடிந்தது. அந்த மூன்று நாளில் ஓடிய இருபத்துச் சொச்சம் யூனிட்தான் எங்களை 488-இலிருந்து 512-க்குத் தள்ளியது. மேட்டூர் அணை திறந்த அதே ஜூன் 12-இல் முந்தைய கணக்கு எடுத்ததால் எனக்குத் தேதி நன்றாக நினைவிருந்தது. இல்லாவிட்டால் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

500-ஐ 60-ஆல் வகுத்தால் 8.33. ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டை ஒட்டிச் செலவாகும் வீடுதான் இந்த எல்லையில் மாட்டிக்கொள்ளும். ஐந்து யூனிட் வீடும் பதினைந்து யூனிட் வீடும் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எட்டை ஒட்டியவர்கள் கணக்கெடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துக் கழித்துவிடுங்கள். இதற்கென்று கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன, ஆனாலும் தினசரிக் காலண்டரின் தாளில் மீட்டர் எண்ணை எழுதி வைப்பதைத்தான் நான் விரும்புகிறேன், ஏனென்றால் அதை வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

மீட்டரைப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மின்னணு மீட்டரில் எண்கள் தாமாகவே மாறிக்கொண்டிருக்கும்: தேதி, நேரம், மின்னழுத்தம், அதிகபட்சத் தேவை என்று ஒவ்வொன்றாக வந்து போகும். ஓரத்தில் கிலோவாட் மணி என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் தெரியும்போது வரும் எண்தான் நமக்கு வேண்டியது. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிடுங்கள். அட்டையில் கடைசியாக எழுதியதைவிட அது சிறிதாக இருந்தால், நீங்கள் வேறு எண்ணைப் பார்க்கிறீர்கள் என்று பொருள், அல்லது இடையில் மீட்டரை மாற்றியிருக்கிறார்கள்.

எது யூனிட்டைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க, மீட்டரின் முகப்பில் மின்னும் சிவப்பு விளக்கைப் பயன்படுத்தலாம். எங்கள் மீட்டரில் 3,200 மின்னல் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது. உங்களுடையதில் எண் வேறாக இருக்கலாம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கொல்லைப்புற போர் மோட்டாரை மட்டும் ஓடவிட்டோம். அம்மா கடிகாரத்தைப் பார்த்து "ஆச்சு" என்று சொல்லும்வரை நான் எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 64. அதை 60-ஆல் பெருக்கி 3,200-ஆல் வகுத்தால் மணிக்கு 1.2 யூனிட். தொட்டி நிறைந்த பிறகும் வாழைக்குப் போகட்டும் என்று தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். முக்கால் மணி நேரமாகக் குறைத்ததும் 54 யூனிட் மிச்சம். இனி மூன்று நாள் தாமதமானாலும் 500-ஐத் தொட மாட்டோம். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு தொடர்ந்து மின்னினால், எங்கோ மின்கசிவு இருக்கலாம், அல்லது உங்கள் மீட்டரிலிருந்து வேறு யாருக்கோ இணைப்பு போகலாம். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. மீட்டரின் முத்திரையில் கை வைக்கவே கூடாது.

கணக்கு உண்மையிலேயே ஒத்துவராவிட்டால், மீட்டரில் தெரியும் எண்ணைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் சொல்லலாம். அங்கும் தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது.

சேர்க்கை 1: யூனிட் கணக்கு சரியாக வந்தும் தொகை மட்டும் ஒத்துவரவில்லை என்று திருவாரூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பட்டியலின் மற்ற வரிகளை நான் விட்டுவிட்டது என் குறைதான். முந்தைய நிலுவையும் தாமதக் கட்டணமும் தொகையைக் கூட்டும். வைப்புத்தொகைக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரவு வைக்கப்படும் வட்டி தொகையைக் குறைக்கும். அவருக்குக் குறைந்திருந்தது அந்த வட்டியால்தான்.

சேர்க்கை 2: நான்கு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குச் சேர்த்துக் கணக்கெடுத்தால் என்ன செய்வது என்று மன்னார்குடியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மொத்த யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் 100 யூனிட் இலவசம் கொடுத்துத் தனித்தனியே கணக்குப் போட்டுப் பாருங்கள், அக்கா. பட்டியலில் உள்ள தொகை அதைவிட மிக அதிகமாக இருந்தால், நான்கு மாதத்தையும் ஒரே பட்டியலாகப் போட்டிருக்கக்கூடும். அட்டையைக் காட்டிப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

சேர்க்கை 3: காரைக்கால் வாசகர்களுக்கு. ஒரே காவிரித் தண்ணீர் என்றாலும் உங்கள் இணைப்பு புதுச்சேரி மின்துறையின் கீழ் வருகிறது. அங்கே விலையும் படிகளும் வேறு, கணக்கும் மாதந்தோறும். மேலே உள்ள விலைகளை வைத்து உங்கள் பட்டியலைச் சரிபார்க்க முடியாது. நாட்களால் வகுப்பதும் சிவப்பு விளக்கை எண்ணுவதும் அங்கேயும் செல்லும்.